திருப்பலியைப் பாடும் பங்கு: கிரகோரியன் இசை மரபைத் தமிழ்ப் பங்குகளில் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலிக்குப் பாடல்கள் தேர்ந்தெடுக்கப்படும் முறையை எல்லாரும் அறிவோம். சனிக்கிழமை மாலை பாடகர் குழுவினர் கூடி, வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என்று நான்கைக் குறித்துக்கொள்கின்றனர். புதிதாக வந்த பாடல் ஒன்று இருந்தால் பயிற்சி நேரம் முழுவதும் அதற்கே செலவாகிறது. மறுநாள் அந்த நான்கு பாடல்களும் உற்சாகமாக ஒலிக்கின்றன. ஆனால் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பதைக் குருவானவர் பேச்சாகச் சொல்ல, மக்களும் பேச்சாகவே பதில் சொல்கின்றனர், நற்கருணை மன்றாட்டைத் தொடங்கிவைக்கும் தொடக்கவுரை வாசிக்கப்படுகிறது, "தூயவர்" சில ஞாயிறுகளில் பாடலாகவும் சில ஞாயிறுகளில் வெறும் உரையாகவும் கடந்து போகிறது. திருச்சபை முதலாவதாகப் பாடச் சொல்லும் பகுதிகள் பேசப்படுகின்றன. கடைசியாகச் சேர்க்கச் சொல்லும் பகுதிகளுக்கே நம் உழைப்பெல்லாம் போகிறது. இந்த வரிசையைத் திருத்தி, கிரகோரியன் இசையை, அதாவது தாளக்கட்டின்றி எல்லாரும் ஒரே மெட்டில் பாடும் திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டு இசையை, நம் பங்குகளில் வளர்ப்பதற்கான வழியை, பங்குத்தந்தையர், பாடகர் குழுத் தலைவர்கள், உபதேசியார்கள், இசையில் நாட்டமுள்ள இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஓர் எல்லையை முதலிலேயே குறித்துவிடுகிறேன். 1962-ஆம் ஆண்டின் திருப்பலி நூலைக் கொண்டு நிறைவேற்றப்படும் பழைய லத்தீன் திருப்பலி, 2021-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணைமடலுக்குப் பின் மறைமாவட்ட ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கு அனுமதி பெறும் வழிமுறை இக்கட்டுரையின் பொருள் அன்று. நம் கோவில்களில் இன்று தமிழில் நிறைவேற்றப்படும் அதே திருப்பலியில், யாருடைய தனி அனுமதியும் தேவையின்றிச் செய்யக்கூடியவற்றையே பேசுகிறேன். அவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாம் செய்து பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

முதற்படி: திருச்சபை கேட்பதை அறிந்துகொள்ளுதல்

மூன்று ஏடுகளை அறிந்தால் போதும். 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் திரு இசை பற்றிய ஆணைமடலை வெளியிட்டார். நாடக மேடையின் பாணி கோவிலுக்குள் புகுந்துவிட்ட காலத்தில், புனிதம், கலை நேர்த்தி, எல்லா மக்களுக்கும் பொதுவான தன்மை ஆகிய மூன்றும் திருவழிபாட்டு இசைக்கு இருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, 116-ஆம் எண்ணில், உரோமை வழிபாட்டுக்கே உரியது கிரகோரியன் இசை என்றும், பிற சூழ்நிலைகள் சமமாக இருக்குமிடத்து அதற்கே முதன்மை இடம் தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. தாய்மொழிக்கு வாயிலைத் திறந்த அதே ஏடு, 54-ஆம் எண்ணில், திருப்பலியில் தங்களுக்கு உரிய நிலையான பகுதிகளை மக்கள் லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ ஆவன செய்யப்பட வேண்டும் என்கிறது. சங்கம் லத்தீனையும் கிரகோரியன் இசையையும் ஒழித்துவிட்டது என்று நம் பங்குகளில் நிலவும் எண்ணத்துக்கு, அச்சங்கத்தின் ஏட்டில் ஆதாரம் இல்லை.

மூன்றாவது ஏடுதான் நடைமுறைக்கு மிகவும் உதவுவது. 1967-ஆம் ஆண்டு மார்ச் 5 அன்று வெளியான 'மூசிக்காம் சாக்ராம்' என்னும் அறிவுறுத்தல், பாடப்பட வேண்டியவற்றை மூன்று படிநிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் குருவுக்கும் மக்களுக்கும் இடையிலான வாழ்த்தும் பதிலும், மன்றாட்டுகள், நற்செய்திக்கான மறுமொழிகள், தொடக்கவுரையும் "தூயவர்" பாடலும், நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் "இவர் வழியாக" என்ற புகழுரை, ஆண்டவர் கற்பித்த இறைவேண்டல், சமாதான வாழ்த்து, பிரியாவிடை ஆகியவை உள்ளன. "ஆண்டவரே இரக்கமாயிரும்", "உன்னதங்களிலே", "செம்மறியே", நம்பிக்கை அறிக்கை, பொது மன்றாட்டு ஆகியவை இரண்டாம் நிலையில் வருகின்றன. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், வாசகங்களுக்கு இடையிலான பாடல்கள் ஆகியவை மூன்றாம் நிலையிலேயே இடம்பெறுகின்றன. முதல் நிலை இல்லாமல் மற்ற இரண்டையும் பயன்படுத்தலாகாது என்பதும் அந்த அறிவுறுத்தலிலேயே உள்ளது. நாம் சனிக்கிழமை மாலை குறித்துக்கொள்ளும் நான்கு பாடல்களில் மூன்று இந்த மூன்றாம் நிலையைச் சேர்ந்தவை. நான்காவதான நன்றிப் பாடல் பட்டியலிலேயே இல்லை. திருவிருந்துக்குப் பின் விரும்பினால் பாடலாம் என்று மட்டுமே திருப்பலி நூல் அதற்கு இடமளிக்கிறது.

இரண்டாம் படி: பங்குத்தந்தையோடு பேசுதல்

குரு பாடாவிட்டால் மக்கள் பதில் பாட முடியாது. ஆகவே பாடகர் குழுவைத் திரட்டும் முன் பங்குத்தந்தையை அணுக வேண்டும். பல குருக்கள், "எனக்குக் குரல் இல்லை" என்று தயங்குவார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது கச்சேரி அன்று. இரண்டு மூன்று சுரங்களுக்குள் அடங்கும் ஓதுதல் மட்டுமே. தனியறையில், பீடச் சிறுவர்கூட இல்லாத நேரத்தில், சுருதிப் பெட்டியைத் தாழ்ந்த சுருதியில் வைத்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்ற ஒரு வரியை மட்டும் அவரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். அது கூச்சமின்றி வந்த பிறகு சபை மன்றாட்டின் இறுதி வரியையும், அதன்பின் தொடக்கவுரை உரையாடலையும் சேர்க்கலாம். முழுத் தொடக்கவுரையைப் பெருவிழாக்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

பங்குத்தந்தைக்குத் திட்டத்தை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த மாதத்தில் எந்தப் பகுதி தொடங்கும், திருப்பலிக்கு எத்தனை நிமிடம் கூடும், மக்களுக்கு எப்போது பயிற்சி தரப்படும் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் பங்குப் பேரவைக்கும் அதே தாளைக் காட்டினால், "புதிதாக ஏதோ புகுத்துகிறார்கள்" என்ற முணுமுணுப்பு எழாது. மூத்தவர்கள் பலர் இதை வரவேற்பார்கள். 1960-களுக்கு முன் பாட்டுப் பூசையில் லத்தீன் பாடிய தலைமுறையும், அவர்கள் பாடக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அத்தகையவர் உங்கள் பங்கில் இருந்தால் அவருடைய நினைவில் இருப்பதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த அச்சுநூலிலும் கிடைக்காத உள்ளூர் மெட்டுகள் அவரிடம் இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: மறுமொழிகளைப் பாட வைத்தல்

இந்தப் படிக்கு இரண்டு மாதம் கொடுத்தாலும் தகும். திருப்பலி தொடங்குவதற்கு முன் ஏழெட்டு நிமிடம் கோவிலின் முன்புறம் ஒருவர் நின்று, ஒலிபெருக்கியின் உதவி கூடுமானவரை இல்லாமல், ஒரு மறுமொழியைப் பாட, மக்கள் திரும்பப் பாட வேண்டும். ஒரு ஞாயிறுக்கு ஒரு மறுமொழிக்கு மேல் கற்றுத்தர வேண்டாம். "ஆமென்" என்பதிலிருந்தே தொடங்கலாம். குரு பாடும் மன்றாட்டுக்கு மக்கள் பாடும் "ஆமென்" அவர்களுடைய ஒப்புதல் என்பதால் அதைத் தெளிவாகவும் சேர்ந்தும் பாடும் பழக்கம் மற்ற எல்லாவற்றையும் எளிதாக்கும்.

பாடகர் குழு இப்பகுதிகளில் மக்களை முந்திக்கொண்டு பாடக்கூடாது. குழுவின் ஒலிவாங்கியை மறுமொழிகளின்போது அணைத்துவிடுவது நான் வலியுறுத்தும் ஒன்று. ஒலிவாங்கியில் நான்கு பேர் பாடும்போது நானூறு பேர் கேட்பவர்களாகி விடுகிறார்கள். அதை அணைத்ததும் முதல் இரண்டு வாரம் கோவில் மெலிந்து ஒலிக்கும், அதன்பின் மக்களின் குரல் தானாக மேலெழும்.

நான்காம் படி: நிலையான பகுதிகள்

"ஆண்டவரே இரக்கமாயிரும்" தொடங்கிச் "செம்மறியே" வரையிலான பகுதிகளுக்குத் தமிழில் ஏராளமான மெட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் தேர்ந்து, ஆண்டு முழுவதும் மாற்றாமல் பாடுவதே மக்கள் பங்கேற்புக்கு வழி. திருப்பலி நூலின் சொற்களை மாற்றியோ சுருக்கியோ விரித்தோ எழுதப்பட்ட மெட்டுகளை விலக்க வேண்டும். "உன்னதங்களிலே" பாடலுக்குப் பதிலாக வேறொரு புகழ்ப் பாடலையோ, "செம்மறியே" என்பதன் இடத்தில் ஒரு சமாதானப் பாடலையோ வைப்பதை உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை, எண் 366, அனுமதிப்பதில்லை. சமாதானம் பகிரும் வேளையில் பாடப்படும் தனிப் பாடலுக்கும் உரோமை வழிபாட்டில் இடமில்லை என்று வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 2014-இல் அனுப்பிய சுற்றுமடல் தெளிவுபடுத்திவிட்டது. நம் பங்குகளில் மிக உற்சாகமாகப் பாடப்படும் பகுதிகளுள் இதுவும் ஒன்று என்பதால், அதை ஒரே நாளில் நிறுத்தாமல், "செம்மறியே" பாடலை அப்பம் பிடும் வேளை முழுவதற்கும் நீட்டிப் பாடி அந்த இடத்தை நிரப்புவது நல்லது.

லத்தீனில் தொடங்க விரும்பும் பங்குகளுக்கு, திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் உலக ஆயர்களுக்கு அனுப்பிவைத்த 'யூபிலாத்தே தேயோ' என்ற சிறுநூலே சரியான வாயில். எல்லா நாட்டு மக்களும் அறிந்திருக்க வேண்டிய குறைந்த அளவு மெட்டுகள் அதில் உள்ளன: பதினாறாம் எண் கீரியே ("ஆண்டவரே இரக்கமாயிரும்"), எட்டாம் எண் குளோரியா ("உன்னதங்களிலே"), மூன்றாம் எண் கிரேதோ (நம்பிக்கை அறிக்கை), பதினெட்டாம் எண் சாங்க்துஸ் ("தூயவர்"), அதே எண் ஆஞ்ஞுஸ் தேயி ("செம்மறியே"), இவற்றோடு பாத்தெர் நோஸ்தெரும் (ஆண்டவர் கற்பித்த இறைவேண்டல்) சில நற்கருணை, மரியன்னைப் பாடல்களும். இந்த எண்கள் 'கீரியாலே' என்ற தொகுப்பின் பதினெட்டுத் தொகுதிகளைக் குறிப்பவை; கிரேதோவுக்கு மட்டும் தனி எண்வரிசை உண்டு.

அடிப்படை பழகிய பிறகு காலத்துக்கேற்ற தொகுதிகளுக்குச் செல்லலாம். பாஸ்கா காலத்துக்கு முதலாம் எண், விழாக்களுக்கு எட்டாம் எண்ணான 'மிஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்', பொதுக்கால ஞாயிறுகளுக்குப் பதினொன்றாம் எண்ணான 'ஓர்பிஸ் ஃபாக்தோர்', திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் பதினேழாம் எண் என்பது மரபான பங்கீடு. தமிழர் காதுக்கு எல்லாவற்றிலும் எளிதில் வசப்படுவது 'மிஸ்ஸா தே ஆஞ்ஜெலிஸ்' என்றே சொல்வேன். அதன் கீரியேயும் குளோரியாவும் கிரகோரியன் இசையின் எட்டுச் சுர அமைப்புகளான 'முறை'களுள் ஐந்தாம் முறையில் அமைந்து, நான்காம் சுரம் இறங்கி ஒலிப்பதால், நம் சங்கராபரணத்தின் சுரத்தானங்களிலேயே நடக்கின்றன. இத்தொகுதியின் மெட்டுகள் பல கிரகோரியன் இசையின் பிற்காலத்தவை, குளோரியா பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தேர்ந்த இசைவாணர் சிலர் இதை அவ்வளவாக மதிப்பதில்லை. ஆனால் ஒரு பங்கு முழுவதும் சேர்ந்து பாடக்கூடிய குளோரியாவாக இதற்கு இணையாக வேறொன்று இல்லை.

ஐந்தாம் படி: நான்கு கோட்டு இசைக்குறியீட்டைச் சரிகமவோடு படித்தல்

சதுரப் புள்ளிகளால் ஆன நான்கு கோட்டுக் குறியீட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். பதினோராம் நூற்றாண்டுத் துறவி அரெத்சோவின் குய்தோ, திருமுழுக்கு யோவான் பாடலின் அடிகள் ஒவ்வொன்றின் முதல் அசையையும் எடுத்து உத், ரே, மி, ஃபா, சோல், லா என்று பெயரிட்டு, சிறுவர்களுக்குப் புதுப் பாடல்களை விரைவில் கற்பித்தார். நம் பிள்ளைகளுக்கு ச ரி க ம ஏற்கெனவே தெரியும். கோட்டின் தொடக்கத்தில் உள்ள குறி பெரும்பாலும் 'தோ' எங்கே என்று காட்டும். அந்தக் கோட்டை 'ச' என்று கொண்டு மற்றவற்றை எண்ணிக்கொண்டால் போதும். மேலத்தேயப் பியானோக் குறியீட்டில் உள்ளது போன்ற நிலையான சுருதி இதில் இல்லை. குழுவுக்கு வசதியான சுருதியில் தொடங்கலாம். இதுவும் நமக்குப் பழகிய வழக்கமே.

பயிற்சிக்கு 'சால்வே ரெஜினா' எளிய மெட்டின் முதல் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சால்–வே–ரெ–ஜி–னா என்ற ஐந்து அசைகளுக்கும் முறையே ச–க–ப–த–ப என்ற ஐந்து சுரங்கள். சுருதிப் பெட்டியை வைத்து முதலில் சரிகமவாகவும், பின்பு "ஆ"காரத்திலும், இறுதியில் சொல்லோடும் பாட வேண்டும். 'ஜி' என்ற அசையில் சொல்லழுத்தம் விழுகிறது, மெட்டும் அங்கேயே உச்சத்தைத் தொடுகிறது. இந்த ஒற்றுமையைக் குழுவுக்குக் காட்டிவிட்டால் கிரகோரியன் இசையின் இயல்பு முழுவதும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இதில் எட்டு முறைகள் உள்ளன. ரே-யில் முடியும் முதலாம் முறை கரகரப்பிரியாவின் சுரங்களையும், மி-யில் முடியும் மூன்றாம் முறை தோடியின் சுரங்களையும், சோல்-இல் முடியும் ஏழாம் முறை அரிகாம்போதியின் சுரங்களையும் கொண்டவை. இரட்டைப்படை எண்கள் அதே முடிவுச் சுரத்தைக் கொண்டு கீழ்த்தாயியில் அதிகம் உலவுபவை. ஆனால் சுரத்தானங்கள் ஒன்றாக இருப்பதால் இராகம் ஒன்றாகிவிடாது. கமகம், அசைவு, சங்கதி எதையும் இதில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு சுரமும் நேராகவும் தெளிவாகவும் நிற்க வேண்டும். கர்நாடக இசை கற்ற பிள்ளைகளுக்கு இதுவே கடினமான பகுதி.

தாளம் இல்லாதது நமக்குத் தடையாக இராது. விருத்தம் பாடுகையில் தாளம் இல்லாமல் சொல்லின் பொருளை ஒட்டியே செல்கிறோம். யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு வாசிக்கப்படுவதைக் கேட்டவர்களுக்கும் உரைநடையைச் சுரத்தில் ஏற்றும் முறை அந்நியமானதன்று. விருத்தத்தில் பாடுபவர் தன் கற்பனைக்கேற்ப விரிப்பார். கிரகோரியன் இசையிலோ எழுதப்பட்டதைப் பலர் ஒரே மூச்சாகப் பாட வேண்டும். அதற்காகவே குழுத் தலைவர் கையசைவால் வழிநடத்துகிறார்.

நூல்களுக்குக் குறைவில்லை. பிரான்சின் சொலேம் மடத்தில் 1833-இல் துறவற வாழ்வு மீண்டும் தொடங்கிய பின், அத்துறவியர் பழைய ஏட்டுப்படிகளை ஒப்புநோக்கி மெட்டுகளைச் செம்மைப்படுத்தினர். அந்த உழைப்பின் பயனாக 1908-இல் திருப்பலிப் பாடல்களின் வத்திக்கான் பதிப்பான 'கிராதுவாலே ரோமானும்' வந்தது. சிறிய கோவில்களுக்காக எளிய மெட்டுகளோடு 1967-இல் வெளியான 'கிராதுவாலே சிம்ப்ளெக்ஸ்', நம் பங்குகளின் வலிமைக்கு ஏற்றது.

ஆறாம் படி: லத்தீன் உச்சரிப்பு

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. சில குறிப்புகளை மட்டும் வாய்மொழியாகச் சொல்லித்தர வேண்டும். 'ஆஞ்ஞுஸ்' என்பதில் வரும் ஒலி 'அஞ்ஞானம்' என்ற சொல்லில் உள்ள ஞகரமே. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் 'ஆக்னஸ்' என்று சொல்ல முயல்வதைத் திருத்தினால் போதும். 'தோல்லிஸ்' என்பதில் இரட்டை லகரத்தை 'தொல்லை' என்பதில் போல அழுத்திச் சொல்ல வேண்டும். 'ஓசான்னா' என்பதில் ஹகரம் ஒலிப்பதில்லை. நாம் தமிழில் "ஓசன்னா" என்று சொல்லிவருவதும் அதேபோன்றதே. 'தேயி', 'தோமினே' ஆகியவற்றின் முதல் ஒலி 'பந்து' என்பதில் உள்ள மெல்லிய தகரம். 'பாச்செம்', 'சேலி' ஆகியவற்றில் சகரம் 'பச்சை' என்பதில் போல வல்லொலியாக வர வேண்டும். பொருளையும் வரிக்கு வரி அருகிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். பொருள் தெரியாமல் பாடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஏழாம் படி: திருப்பாடலை ஓதுமுறையில் தமிழில் பாடுதல்

கிரகோரியன் மரபின் பெரும் கொடை லத்தீன் மெட்டுகள் மட்டுமல்ல. எந்த மொழியின் உரைநடையையும் பாட உதவும் ஓதுமுறையும் அதில் அடங்கும். பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக வேறு பாடல்களைப் பாடலாகாது என்று பொது விதிமுறை, எண் 61, கூறுவதால், அன்றன்றைக்கு உரிய திருப்பாடலை மெட்டமைக்காமலேயே பாட ஒரு வழி தேவைப்படுகிறது. அந்த வழி இதுவே.

எட்டாம் முறையின் ஓதுமெட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கம் ப–த–ச; வரியின் பெரும்பகுதி நிற்கும் ஓதுசுரம் மேல் ச; பாதிவரியின் முடிவில் ரி–ச; முழுவரியின் முடிவில் நி–ச–த–ப. நிஷாதம் காகலி. இருபத்து மூன்றாம் திருப்பாடலின் முதல் வரியை இதில் பொருத்திப் பாருங்கள்: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." 'ஆண்' என்பது ப-விலும், 'ட' என்பது த-விலும், 'வ' என்பது மேல் ச-விலும் தொடங்க, 'ரே என்' அதே ச-வில் நிற்கிறது, 'ஆ' ரி-க்கு ஏறி, 'யர்' ச-வுக்குத் திரும்புகிறது. சற்று நிறுத்தி, இரண்டாம் பாதியில் 'எனக்கேதும்' முழுவதையும் ச-விலேயே ஓதி, 'கு' நி-யிலும், 'றை' ச-விலும், 'யில்' த-விலும், 'லை' ப-விலும் இறங்கி அமைகிறது. லத்தீனில் கடைசிச் சொல்லழுத்தத்துக்கு உரிய சுரம் த. தமிழ் வரியில் அந்த இடத்தில் 'யில்' என்ற நெடிய அசை வந்து அமைவதைக் கவனியுங்கள். தமிழில் அழுத்தம் பெரிதும் சொல்லின் தொடக்கத்தில் இருப்பதால், எல்லா வரிகளும் இவ்வளவு இணக்கமாக அமையாது. வரியின் இறுதியில் வரும் நெடில் அல்லது ஒற்றுடன் கூடிய அசையைத் தேடி அதன் கீழ் ஒரு கோடு இட்டுக்கொண்டால், சுரம் எங்கே மாற வேண்டும் என்று பாடுபவருக்குத் தெரிந்துவிடும். வாரந்தோறும் திருப்பாடலைப் பாடுபவர் முந்தைய நாளே இந்தக் கோடுகளை இட்டுவைக்க வேண்டும்.

ஓதுசுரத்தில் நிற்கும் சொற்களை ஒரே அளவாக இழுக்காமல், நல்ல வாசகர் வாசிக்கும் வேகத்திலேயே சொல்ல வேண்டும். மக்கள் பாடும் பல்லவிக்கு எளிய மெட்டு ஒன்றைக் காலத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். இதே முறையில் திருப்பலி நூலில் அச்சாகியிருக்கும் வருகைப் பல்லவியையும் திருவிருந்துப் பல்லவியையும் பாடலாம். பவனி நடக்கும்போது பல்லவியைப் பாடி, திருப்பாடல் வரிகளைச் சேர்த்து, மீண்டும் பல்லவிக்கு வருவதே உரோமை மரபு. மக்கள் விரும்பும் தமிழ்ப் பாடலை விடவும் வேண்டாம். பல்லவியைப் பாடிவிட்டு அப்பாடலைத் தொடரலாம்.

எட்டாம் படி: இசைக்கருவிகளும் மௌனமும்

சங்க ஏடு, எண் 120, குழாய் ஆர்கனை உயர்வாக மதித்து, தகுதியான பிற கருவிகளையும் அனுமதிக்கிறது. நம்மிடம் பெரும்பாலும் கீபோர்டும் தபேலாவும் உள்ளன. கீபோர்டில் தானியங்கித் தாளத்தை அணைத்துவிட்டு, ஆர்கன் ஒலியை மட்டும் மென்மையாக வைத்து, குரலின் கீழே நிற்குமாறு வாசிக்கச் சொல்லுங்கள். கிரகோரியன் பகுதிகளுக்குச் சுருதி மட்டும் போதும். பென் டிரைவிலிருந்து ஒலிக்கும் பின்னணி இசைக்குத் திருவழிபாட்டில் இடம் தர வேண்டாம். இயந்திரத்தால் ஒலிக்கும் இசையை 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாளின் அறிவுறுத்தலே விலக்கியிருக்கிறது. வழிபாடு செய்வது அங்கே கூடியிருக்கும் மக்கள். பதிவு செய்த ஒலி அவர்களுக்காக வழிபட முடியாது.

குருவானவர் மன்றாட்டுகளைச் சொல்லும்போது, குறிப்பாக நற்கருணை மன்றாட்டின்போது, எந்தக் கருவியும் ஒலிக்கக் கூடாது. அப்பமும் இரசமும் உயர்த்திக் காட்டப்படும் எழுந்தேற்றத்தின்போது மெல்லிய கீபோர்டு இசை எழுப்பும் வழக்கம் பல பங்குகளில் உள்ளது, அதை நிறுத்துங்கள். திருவருகைக் காலத்தில் கருவிகளை அடக்கமாகவும், தவக்காலத்தில் பாடலுக்குத் துணையாக மட்டுமும் பயன்படுத்த வேண்டும். தவக்கால நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் இதற்கு விலக்கு.

ஒன்பதாம் படி: குழுவின் அன்றாடப் பயிற்சி

ஆறு முதல் பத்துப் பேர் போதும். வாரத்தில் ஒருமுறை ஒரு மணி நேரம், குறுஞ்செபத்தோடு தொடங்கி, முதல் பாதியை வரும் ஞாயிறுக்கும், மீதியைப் புதிய பகுதி ஒன்றுக்கும் ஒதுக்குங்கள். ஆண்களும் பெண்களும் ஒரே மெட்டைத் தத்தம் தாயியில் மாறி மாறிப் பாடலாம். பீடத்தின் அருகே மக்களைப் பார்த்தபடி நிற்பதைவிட, பின்மாடத்திலோ பக்கவாட்டிலோ நிற்பது நல்லது. மக்களின் கண் பீடத்தை விட்டு விலகாது.

பத்தாம் படி: ஆண்டின் உச்சமான மூன்று நாள்கள்

சாம்பல் புதனன்றே பெரிய வாரப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். பெரிய வியாழன் நற்கருணைப் பவனியில் புனித தோமா அக்குவினாசின் "பாடுவாய் என் நாவே" பாடலைப் பழைய மெட்டிலேயே நம் மக்கள் தமிழில் பாடுகின்றனர். "மாண்புயர் இவ்வருட்சாதனத்தை" என்று தொடங்கும் பகுதியை, அதாவது கடைசி இரு பத்திகளை, பவனி உரிய இடத்தை அடையும் வரை ஒதுக்கிவைக்க வேண்டும். வாராவாரம் நற்கருணை ஆசீரில் இந்த மெட்டைப் பாடும் நம் மக்கள், தங்களை அறியாமலேயே கிரகோரியன் இசையைக் காத்துவந்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் எந்தப் பங்குக்கும் இதைவிடச் சிறந்த அடித்தளம் கிடையாது. "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்" என்று மக்களிடம் சொல்லித் தொடங்குங்கள்.

பெரிய வெள்ளியன்று திருச்சிலுவையைக் காட்டும் அழைப்பு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதி உயர்த்திப் பாடப்படும். பாஸ்கா திருவிழிப்பில் "கிறிஸ்துவின் ஒளி" என்பதும், நற்செய்திக்கு முன் மும்முறை எழுப்பப்படும் அல்லேலூயாவும் அவ்வாறே. பாஸ்கா புகழுரையைப் பாடத் திருத்தொண்டரோ குருவோ இல்லாவிட்டால், பொதுநிலைப் பாடகர் ஒருவர் பாடலாம்; வாழ்த்துரை உள்ளிட்ட, திருப்பணியாளருக்கு மட்டும் உரிய வரிகளை அவர் விட்டுவிட வேண்டும். இந்த நீண்ட புகழுரைக்கு நாள்தோறும் பத்து நிமிடமாக நாற்பது நாள் பயிற்சி தேவை. ஒரே வாரத்தில் தயாராக முயல்வோருக்குப் பாதியிலேயே குரல் தளர்ந்துவிடும்.

இவற்றுக்கு அடுத்தபடியாக மரியன்னையின் நான்கு பாடல்களையும் அடக்கத் திருப்பலியையும் கவனியுங்கள். திருவருகைக் காலம் முதல் 'ஆல்மா', தவக்காலத்தில் 'ஆவே ரெஜினா', பாஸ்கா காலத்தில் 'ரெஜினா சேலி', அதன்பின் 'சால்வே ரெஜினா' என்று மாறிவரும் அப்பாடல்களைத் திருப்பலி முடிந்து மக்கள் கலையும் முன் பாடலாம். இறந்தவரின் உடல் கோவிலிலிருந்து எடுக்கப்படும்போது 'இன் பாராதிசும்' என்ற சிறு பாடலை, வாசலில் பேண்டு வாத்தியம் தொடங்கும் முன் பாடிவிட வேண்டும்.

பதினோராம் படி: பங்குக் கோப்பு

பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்வார்கள். இளைஞர்கள் வேலைக்கும் திருமணத்துக்கும் வெளியூர் போவார்கள். ஆகவே தொடங்கிய நாள் முதலே ஒரு கோப்பை உருவாக்குங்கள். ஆண்டு முழுவதற்குமான பாடல் அட்டவணை, ஒவ்வொரு மெட்டின் நான்கு கோட்டுத் தாள், அதன் சரிகம எழுத்து, தமிழ் எழுத்தில் லத்தீன் சொற்கள், வரிக்கு வரி பொருள், குழு பாடும் சுருதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். மறுமொழிகளைக் குருவானவர் எந்தச் சுருதியில் தொடங்கினார் என்பதையும் எழுதிவையுங்கள். புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே கேட்பது அதுவாகத்தான் இருக்கும். கோப்பின் ஒரு படி பங்கு அலுவலகத்திலும், ஒரு படி பாடகர் குழுவிடமும், ஒரு படி உபதேசியார் அல்லது கோவில்பிள்ளையிடமும் இருக்கட்டும். பாடகர் குழுவில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருவரையாவது எப்போதும் சேர்த்து, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு வரியையாவது அவர்களைத் தனியாகத் தொடங்கச் சொல்லுங்கள்.